ஆல்பமும் ஆல்பாவும்

கொல்லிமலையில் லத்தீன் தெரிந்த ஒரே ஆள் நான்தான். பொய். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். செடி பார்க்க வரும் கல்லூரிக்காரர்களுக்கு வழிகாட்டப் போனதில் பத்துப் பெயர் காதில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

நேற்று பெங்களூரிலிருந்து ஒரு பேராசிரியை எங்கள் ஊரான சோளக்காட்டில் வந்து இறங்கினார். அவருக்குத் தமிழ் தெரியும். கூட வந்த மாணவிகளுக்கு அரைகுறை. பத்து நாள் காட்டுக்குள் கூட்டிப்போக ஆள் தேடினார். அந்த வேலை எனக்கு வேண்டும். சும்மா இருந்தால் கிடைக்குமா? வாயைத் திறந்தேன்.

மிளகுக் கொடியைக் காட்டி, "பைப்பர் நைக்ரமுங்க" என்றேன்.

"நிக்ரும்னு சொல்லணும். அர்த்தம்?"

"கருப்புங்க."

அடுத்தது சந்தன மரம். "சாண்டலம் ஆல்பமுங்க. ஆல்பம்னா வெள்ளைங்க. நான் மொதல்ல கல்யாண ஆல்பம்னுல்ல நெனச்சேன்!"

சிரித்துவிட்டார். அந்த மிதப்பில் மல்பெரியைப் பார்த்ததும் கத்தினேன். "மோரஸ் ஆல்பஸுங்க! ரெண்டு சொல்லும் 'ஸ்'லதான் முடியுது, வால் பொருத்தம் பாத்தாச்சுங்க!"

"ஆல்பா. லத்தீன்ல மோரஸ் பெண்பால். பேர் ஆணா, பெண்ணா, ரெண்டும் இல்லையான்னு பார்த்துத்தான் வெள்ளைங்கற சொல்லும் வாலை மாத்தும். சந்தனத்தோட பேர் ரெண்டும் இல்லை, அதான் ஆல்பம்."

"எங்கூர்ல ஆடும் கருப்பு, நானும் கருப்புங்க. வால் மாத்தற சோலியே இல்லீங்க."

அப்போதுதான் ஒரு மாணவி தன் நோட்டைப் பார்த்துச் சத்தமாக வாசித்தாள்: "பைப்பர் நைக்ரமுங்கா. சாண்டலம் ஆல்பமுங்கா."

நான் மரியாதைக்குப் போட்ட 'ங்க'வையும் லத்தீன் வால் என்று எழுதிக்கொண்டிருக்கிறாள்! பேராசிரியை நோட்டை வாங்கிப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"காலைல சொல்றேன்" என்று விடுதிக்குப் போய்விட்டார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததிலிருந்து மூன்று டீ குடித்தாயிற்று. பஸ் நிற்கும் இடம் வரை ஐந்து தடவை நடந்தாயிற்று. வேறு வழிகாட்டி எவனாவது வந்து இறங்குகிறானா என்று ஒவ்வொரு பஸ்ஸையும் முறைத்தேன். சும்மா உட்கார முடியாமல்தான் டீக்கடை பெஞ்சில் இதை எழுதவே ஆரம்பித்தேன். நடுவில் ஒருமுறை விடுதிக் கதவு வரை போய்விட்டேன். தட்டலாமா வேண்டாமா என்று கையைத் தூக்கினேன். உள்ளே அந்த மாணவியின் குரல்...

"ஏனுங்க!" டீக்கடைக்காரர் கூப்பிடுகிறார். "அந்தம்மா காட்டுக்குப் பொறப்பட்டுட்டாங்க. வழி வெட்ட உங்களைக் கொடுவாளோட வரச் சொன்னாங்க!"

"வாரேனுங்க!"