நான்காம் கூடத்தின் குளிர்காலம்

பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து டிகிரி. குளிர்கால மாதங்களில் நான்காம் கூடத்தில் இருக்க வேண்டிய வெப்பநிலை அது. பன்னிரண்டு ஆண்டுகளாக அதைக் கட்டிக் காத்தவர் ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி, ‘கண்ணாடிக் காடுகள்’ பூங்காவின் குளிர்சாதன மெக்கானிக். உடன் வேலை செய்பவர்களுக்கு அவர் குளிரக்கா.

பூங்காவில் நான்கு கூடங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கண்ணாடி, ஒரே தண்ணீர். வானிலை மட்டும் வேறு வேறு. முதல் கூடத்தில் ஆண்டு முழுக்க வெப்பமும் மழையும். மரங்களுக்கு ஓய்வே கிடையாது. வெளிச்சத்துக்காக ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறும், தவளைகள் கிளையிலேயே குடும்பம் நடத்தும். இரண்டாவதில் பாதி ஆண்டு வறட்சி; தண்ணீர் கிடைக்காத மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். மூன்றாவதிலும் இலை கொட்டும், ஆனால் குளிருக்காக. அங்கே கட்டைவிரல் பருமனில் ஒரு வகை எலிகள் தின்று கொழுத்து, மரப்பெட்டிகளில் சுருண்டு வசந்தம் வரை தூங்கும். நான்காவதில் ஊசியிலை மரங்கள். குளிர்காலம் வந்தால் பழுப்பு ரோமம் வெளுத்துப் பனியோடு பனியாகிவிடும் முயல்கள்.

“நாலு காட்டுக்கு வெயிலும் குளிரும் பங்கு வெக்கிற. நம்ம வீட்டு ஃபேனை மட்டும் பார்க்க மாட்டியா?” என்பார் பஸ் ஓட்டுநரான கணவர்.

“அது உங்க டிபார்ட்மெண்ட். எனக்குப் பூஜ்யத்துக்குக் கீழதான் கை ஓடும்.”

கடந்த குளிர்காலத்தில் வெளியே குளிரே வரவில்லை. வழக்கமாக அந்த மாதங்களில் ஜன்னலைத் திறந்துவிட்டால் வெளிக்காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். இம்முறை எல்லாச் சுமையும் இரண்டு குளிர்விப்பான்கள் தலையில் விழுந்தது. ஒன்றின் கம்ப்ரஸர் எரிந்துபோனது. மாற்று, கப்பலில் வர வேண்டும். வசந்தத்துக்கு முன் வராது. மிஞ்சிய இயந்திரத்தால் ஒரு நேரத்தில் ஒரு கூடத்தைத்தான் குளிர வைக்க முடியும்.

மேலாளர் குளிரக்காவையும் தோட்டக்காரரையும் கூப்பிட்டார். “மூணா, நாலா? நீங்களே சொல்லுங்க.”

“என்னைக் கேக்காதீங்க சார்,” என்றார் தோட்டக்காரர். “ரெண்டும் நான் நட்டது.”

குளிரக்காவுக்கு வேறு யோசனை இருந்தது. “ரெண்டு பொண்ணுங்கள ஒரே போர்வையில வளர்த்தவ நான். ஒரு வாரம் மூணுக்கு, ஒரு வாரம் நாலுக்கு. யாருக்கும் ஓரவஞ்சனை வேண்டாம்.”

மூவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. திங்கட்கிழமைதோறும் காலையில் அவர் ஏணியில் ஏறிக் குளிர்க்குழாயின் கதவை ஒரு கூடத்திலிருந்து மற்றதற்குத் திருப்பினார்.

முதலில் சிக்கியவை முயல்கள். அவற்றின் ரோமம் குளிரைப் பார்த்து மாறுவதில்லை; பகல் குறுகுவதைப் பார்த்து மாறுகிறது. கூடத்தின் விளக்குகள் வழக்கம்போல் முன்கூட்டியே அணைந்தன, முயல்கள் வழக்கம்போல் வெளுத்தன. சூடான வாரத்தில் பனி தங்கவில்லை. பழுப்புத் தரையில் வெள்ளை வெளேரென்று அவை அசையாமல் உட்கார்ந்திருந்தன, யார் கண்ணிலும் படவில்லை என்ற நம்பிக்கையில்.

“அம்மா, முயல் ஒளிஞ்சு விளையாடுது!”

“எங்கடா ஒளிஞ்சிருக்கு? டியூப் லைட் மாதிரி உக்காந்திருக்கு!”

கூட்டம் சிரித்தது. குளிரக்கா ஏணியிலிருந்து இறங்காமலே நின்றார்.

மூன்றாம் கூடத்தில் சத்தமில்லாமல் நடந்தது. ஒவ்வொரு சூடான வாரத்திலும் எலிகள் விழித்துக்கொண்டன. ஒருமுறை விழித்தெழவே உடம்பில் சேர்த்த கொழுப்பில் பெரும்பங்கு கரைந்துவிடும். மூன்றாவது முறை விழித்த எலி ஒன்றைத் தோட்டக்காரர் உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். “கனமே இல்லக்கா.”

“அடுத்த வாரம் இவங்க முறைதான் தம்பி. தூங்கிடுவாங்க.”

விளக்குகளின் பகல் மெல்ல நீளத் தொடங்கிய ஒரு ஞாயிறு, நான்காம் கூடத்தின் கிளை நுனிகளில் இளம்பச்சை தெரிந்தது. பார்வையாளர்கள் போட்டோ எடுத்தார்கள். குளிரக்காவும் ஒன்று எடுத்து மகள்களுக்கு அனுப்பினார். விட்டுவிட்டு வந்த குளிரை மரங்கள் முடிந்துபோன குளிர்காலமாக எடுத்துக்கொண்டிருந்தன. அவரோ மரங்கள் தேறிவிட்டன என்று நினைத்தார். பன்னிரண்டு ஆண்டுகளில் துளிரும் உறைகுளிரும் ஒரே வாரத்தில் சந்தித்து அவர் பார்த்ததில்லை. மறுநாள் காலை நான்காம் கூடத்தின் முறை. கதவைத் திருப்பினார்.

மதியம் வந்த தோட்டக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“குளிர விட்டுட்டீங்களாக்கா?”

“இவங்க முறைதானே?”

“துளிர் விட்டிருந்துச்சேக்கா…”

குளிரக்கா ஓடிப்போய்க் கதவை மறுபடி திருப்பினார். செவ்வாய்க்கிழமை நுனிகள் எல்லாம் கரிக்கட்டைபோல் கறுத்திருந்தன. மறுதுளிருக்குக் காத்திருந்தார்கள், ஒன்றிரண்டு கிளைகளைத் தவிர எங்கும் வரவில்லை. பழைய ஊசியிலைகள் சிவந்து உதிர்ந்தன. வசந்தத்தில் மூன்றாம் கூடத்தின் மரப்பெட்டிகளைத் திறந்தபோது எதுவும் அசையவில்லை.

மூத்த மகள் போனில் ஆறுதல் சொல்லிப் பார்த்தாள். “உன் மேல என்னம்மா தப்பு? ரெண்டையும் சமமாத்தானே பார்த்த?”

“அதுதாம்மா தப்பு. முழுசா ஒண்ணுக்குக் குடுத்திருந்தா ஒண்ணாவது இருந்திருக்கும்.”

அதன்பிறகு அவர் நான்காம் கூடத்தின் முன்வாசலைப் பயன்படுத்துவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் தோட்டக்காரரும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து, வேறு எதையாவது பேசுகிறார்கள்.

புதிய கம்ப்ரஸர் வந்து சேர்ந்துவிட்டது. அது மூன்றாம் கூடத்துக்கு. முயல்கள் பழுப்பானதும் வேறு பூங்காவுக்குப் போகின்றன. நான்காம் கூடத்தில் இனி முள்காடு. அதற்கு வெளியே அடிக்கும் வெயிலே போதும். குளிர்க்குழாய்களைக் கழற்றும் வேலை குளிரக்காவுடையது. திங்கட்கிழமை காலை தொடங்குகிறார்.