ஓலைப்பெட்டி கிளாஸ்

போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் ஐயா வந்தார். வில்லுவண்டியை விட்டு இறங்கி நேரே நான் பாடம் நடத்தும் ஏழாம் கிளாஸுக்குள் நுழைந்தார். ஒரு பிள்ளை முடைந்து வைத்திருந்த பனையோலைப் பெட்டியைக் கையிலெடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இதாக்கும் படிப்பு!"

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள்...

சில மாதங்களுக்கு முன் ஒரு சர்க்குலர் வந்தது. புத்தகப் படிப்பு மட்டும் போதாதாம். பிள்ளைகளின் கைக்கும் வேலை வேண்டுமாம். ஆகவே தினமும் நடக்கும் இரண்டு மணி நேரக் கணக்குப் பாடத்தில் ஒரு மணி நேரத்தை எடுத்து, அதில் ஓலை முடையக் கற்பிக்க வேண்டுமாம்.

கைத்தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஒரு தையல் மிஷின் கொடுங்கள்; சந்தோஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். காய்ச்சல்காரருக்குப் பணிவிடை செய்வது எப்படி என்று ஒரு நர்ஸ் வந்து கற்பிக்கட்டும். நானும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பேன். ஆனால் ஓலையா? முட்டம் கடற்கரைக்குப் போய், வலைக்காரன் மகனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பார்களா?

என் கிளாஸில் இருப்பவர்கள் எல்லாரும் பனையேறிகளின் பெண்கள். நானும் அப்படிப்பட்ட வீட்டுப் பெண்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துப் படித்தவள் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை — பெருமைதான். எங்கள் வீடுகளில் பல் விழுந்து முளைப்பதற்குள் பெண்பிள்ளைகள் பெட்டி முடையப் பழகிவிடுவார்கள்.

சர்க்குலர் சொன்னபடி முதல் நாள் ஓலையை நடுவே கிழித்துக் காட்டினேன். "பிள்ளைகளே, முதலில் ஈர்க்கை எடுக்க வேண்டும்..." சொல்லி முடிக்கவில்லை. முன் பெஞ்சில் ஞானப்பூ பெட்டியின் அடியையே முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மறு வாரம் அந்த ஞானப்பூ பள்ளிக்கு வரவில்லை.

இந்த வருஷம் ஏழாம் கிளாஸ் பரீட்சை எழுதப் போகிறவள் அவள். அதில் தேறினால் ட்ரெயினிங் ஸ்கூலில் சேரலாம். என்னைப் போல டீச்சர் ஆகலாம். எழுதாவிட்டால்? கருப்பட்டிக்கு அக்கானி காய்ச்சும் அடுப்புதான்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா மாசிலாமணி மாமா முற்றத்தில் பாளை அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஓலை முடையதுக்கா மக்கா பள்ளிக்கூடம்? பெஞ்சுல இருந்து முடைஞ்சா பெட்டியில கருப்பட்டி கூடுதலா கொள்ளுமோ?"

"அது சர்க்கார் உத்தரவு மாமா. நான் என்ன செய்யட்டும்?"

"நீ நம்ம பிள்ள. நீயே சொல்லு. ஒன் அப்பன் ஒன்ன ஓலை முடையவா பள்ளிக்கு அனுப்புனான்?"

சுருக்கென்றது. மாமா விடவில்லை.

"அங்க முடையத இங்க முடையட்டும். அவ அம்மைக்கு அடுப்புல கூடமாட ஆளில்ல."

அடுப்பங்கரையில் ஞானப்பூ புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். புகைதானா... எனக்குத் தெரியாது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. "மாமா, அவ அங்க முடையுத பெட்டிய இங்கயே தந்துருவேன். வீட்டு வேலையும் ஆச்சு, படிப்பும் ஆச்சு."

அவர் தீட்டுவதை நிறுத்தினார். யோசித்தார்.

"ஒரு நாளைக்கு ஒரு பெட்டிதானா? ரெண்டுன்னா கொள்ளாம், நல்லாருக்கும்."

"இப்ப ஒண்ணு மாமா!"

"செரி. அவ பள்ளிக்குப் போட்டும். ஒண்ணு கொறஞ்சாலும் மறுநாள் வரமாட்டா, பாத்துக்க."

இப்படியாக ஒரு பெண்ணின் படிப்பை ஓலைப்பெட்டியை ஈடு வைத்து மீட்டு வந்தேன். ஆனால் பறிபோன கணக்குப் பாடம்? அதை யார் மீட்பது?

அதை மீட்டவை பிள்ளைகளின் விரல்கள்தான். அவற்றுக்குக் கண்ணின் உதவி வேண்டாம்; பேசிக்கொண்டே முடையும், சண்டை போட்டுக்கொண்டே முடையும். பிறகென்ன? நான் கரும்பலகையில் கணக்கை எழுதினேன். கை ஓலையில், கண் பலகையில், விடை வாயில்! வட்டிக் கணக்கு முடிந்தது. விகிதம் முடிந்தது. தினம் ஒரு பெட்டி மாமாவின் வீட்டுக்கும் போனது.

இந்த நேரத்தில்தான் இன்ஸ்பெக்டர் ஐயா வந்தார். பெரியவர் யாராவது உள்ளே வந்தால் எங்கள் பிள்ளைகள் எழுந்து நின்று வாயை மூடிக்கொள்வார்கள். நாங்களே பழக்கிய மரியாதை. அதனால் அவர் பெட்டிகளைத்தான் கண்டார். கணக்கு ஒன்றும் அவர் காதில் விழவில்லை. பலகையைப் பார்த்து லேசாக முகம் சுளித்தார்.

"முந்தின பாடத்த அழிச்சிரணும் டீச்சர். பிள்ளைகளுக்குக் கவனம் சிதறும்."

அழித்தேன். வேறென்ன செய்ய?

"ஐயா, பரீட்சையில் கணக்குத்தானே கேட்பார்கள்?" என்று மெல்லக் கேட்டேன்.

"பரீட்சை கெடக்கட்டும். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் கைத்தொழிலாக்கும் சோறு போடும்."

இந்த மாதிரிப் பிள்ளைகள்! ஐயாவின் மகன் பட்டணத்தில் இங்கிலீஷ் ஸ்கூலில் படிக்கிறான். அங்கே எத்தனை பெட்டி முடைந்தானாம்? வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். வேலை போனால் என் கிளாஸை யார் பார்ப்பது?

போகும்போது ஐயா உத்தரவிட்டார்: இவ்வளவு நன்றாக நடக்கும் ஓலை கிளாஸுக்கு ஒரு மணி நேரம் போதாது, மிச்சமிருக்கும் கணக்கு நேரத்தையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஆக்க வேண்டும்.

வண்டி தெருமுனை திரும்பியது. எனக்கு அழுகையா கோபமா, தெரியவில்லை. சொந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் கணக்கைக் கள்ளத்தனமாகவா படிக்க வேண்டும்?

பின்னால் ஞானப்பூவின் குரல்: "ரெண்டு மணி நேரம்னா அப்பாவுக்கு ரெண்டு பெட்டியும் ஆச்சு. பின்னக்கணக்கும் முடிச்சிரலாம்லா டீச்சர்?"

சாக்கட்டியை எடுத்தேன்.

ஐயா மறுபடி வந்து கேட்கும்வரை எங்கள் டைம்டேபிளில் பின்னக்கணக்குக்கு ஓலை என்று பெயர்!