அமுக்கும் கை

கதை கட்டத் தெரிந்தவர்கள் இதைவிட நன்றாகவே கட்டுவார்கள். இது விருதுநகரில் நடந்தது. தீபாவளி சீசன் முடிந்த வாரம், நல்ல பகல் வேளையில். பேய் என்றாலே சிரித்தவள் டாக்டர் ஓவியா. இப்போது சிரிப்பதில்லை.

ஒரு ஸ்கேன் மையத்தில் அவளுக்கு வேலை. மதியம் இரண்டே முக்காலுக்கு முனியராஜைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள் அவன் மனைவி செல்வலட்சுமி. சாத்தூர்ப் பக்கம் பட்டாசு கம்பெனியில் வேலை செய்கிறவன். மேல்வயிற்று வலி முதுகு வரை குத்தியது.

"வாயுதான்னு ரெண்டு சோடா குடிச்சாரு" என்றாள் அவள். ரத்தப் பரிசோதனையோ கணையத்தைக் காட்டியது. அது அழுக ஆரம்பித்திருந்தால் ஆள் பிழைப்பதே கஷ்டம்.

முதலில் அல்ட்ராசவுண்ட். பித்தப்பையில் கல் இல்லை. குடலில் இருந்த காற்று கணையத்தை மறைத்துவிட்டது.

"டாக்டரம்மா... அமுக்குற கைய எடுங்க. உசுரு போகுது" என்று முனகினான் முனியராஜ்.

ஓவியா குனிந்து பார்த்தாள். அவளுடைய ஒரு கையில் கருவி, தோலைத் தொட்டும் தொடாமலும். இன்னொரு கை கீபோர்டில். வலியில் உளறுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

காற்றுக்கெல்லாம் சி.டி. ஸ்கேன் மசியாது. உடனே எடுத்தாள். அதற்கு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க வேண்டும். தூக்கினான். கதவு சாத்தப்பட்டது. உள்ளே அவன் மட்டும்.

உய்ய்ய்ங்...

மைக்கில் அவன் குரல். "இன்னும் அமுக்குறீகளே..."

திரையில் படங்கள் வந்தன. கணையம் வீங்கி, நடுவில் செத்திருந்தது.

அதற்கு நேர் மேலே, வயிற்றின் மீது... விரல் எலும்புகள்.

மூன்று விரல்கள்.

கண்ணாடி வழியே பார்த்தாள். அவன் கைகள் தலைக்கு மேலேதான் இருந்தன.

அடுத்த படம்.

விரல்கள் தோலுக்கு உள்ளே இருந்தன.

அன்றே தீவிர சிகிச்சையில் சேர்த்தார்கள். முனியராஜ் பிழைத்துக்கொண்டான்.

ஆறு வாரம் கழித்து எம்ஆர்ஐ எடுத்தார்கள். சி.டி.க்குத் தப்பியதைக்கூட அது சில நேரம் காட்டிவிடும். படத்தில் கை இல்லை. ஓவியாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பிறகு கணையத்தை உற்றுப் பார்த்தாள்.

மூன்று பள்ளங்கள். வரிசையாக.

வெளியே வந்து செல்வலட்சுமியிடம் மெதுவாகக் கேட்டாள். "உங்க வீட்ல யாருக்காவது ஒரு கையில மூணு விரல்தானா?"

அவள் முகம் வெளிறியது.

"எங்க அத்தைக்கு... இவரு அம்மாவுக்கு. பட்டாசு மருந்து வெடிச்சு ரெண்டு வெரல் போயிருச்சு. அவுக செத்து நாலு வருசமாச்சு. இதே வலிதான். வாயுன்னு நாங்க கண்டுக்கல."

உள்ளே படுத்திருந்த கணவனை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"'எம் வலிய ஒருத்தரும் நம்பலல்ல... எம் மவனுக்கு வரட்டும், அப்ப நம்புவீக'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனாக."