நரிக்குடியில் கிடைக்காத ரத்தம்

இன்று நரிக்குடிப் பக்கம் ஓர் ஊருக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் நான் ஆராய்ச்சிப் பயிற்சியில்தான் இருக்கிறேன். மனநோய் சில குடும்பங்களில் ஏன் தொடர்கிறது என்று ரத்தத்தில் தேடுவது என் வேலை. மதுரையிலிருந்து ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று பஸ் மாறிப் போனேன்.

போன மாதம் ரத்தம் கொடுக்கச் சம்மதித்த பஞ்சவர்ணம் அக்கா வாசலிலேயே மறித்தார். அவருடைய தம்பிக்குத்தான் நோய். யாரும் இல்லாதபோதும் குரல்கள் கேட்கும்.

"ரத்தமெல்லாம் வேணாம்மா. மகளப் பாக்க நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரவுக வாராக. ரத்தத்துலயே இருக்குன்னு நீங்க எழுதிட்டா அவள யாரு கட்டுவா?"

"பேரை எங்கயும் எழுத மாட்டோம்க்கா."

"பெட்டியும் கையுமா நீங்க வந்தத ஊரே பாத்துருச்சே!"

பிறகு அவரே குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "குடுத்தா எந்தம்பிக்குச் சொகமாயிருமா?"

"இல்லக்கா. மருந்து கண்டுபிடிக்க இன்னும் ரொம்ப வருசம் ஆகும்."

"அப்ப யாருக்குத்தான் இந்த ரத்தம்?"

அதற்குள் தம்பி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அவுக வெயில்ல வந்துருக்காக, தண்ணி குடுக்கா" என்றார். அந்த வாசலில் நிதானமாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

ரத்தம் கிடைக்காத காரணத்தை எழுதப் படிவத்தில் ஒரே ஒரு வரி இடம் இருக்கிறது. நாளை காலை பேராசிரியரிடம் கொடுக்க வேண்டும். நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்?