இடது வரிசைக்கு மோர், வலது வரிசைக்குத் தண்ணீர்

"பௌர்ணமி, காலை ஏழு மணி. இடது வரிசை: மோர் கலந்த தண்ணீர், ஐந்தாம் நாள். வலது வரிசை: வெறும் தண்ணீர். எல்லாக் குட்டிகளும் தீனி எடுக்கின்றன."

என் குறிப்பேட்டில் உள்ள இந்தப் பதிவில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. முதல் தவறு அன்று மதியமே தெரிந்துவிட்டது.

அடி அண்ணாமலையில் என் அக்கா முயல் வளர்க்கிறாள். போன ஈற்றில் பால் மறந்த குட்டிகள் வயிற்றுப்போக்கில் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. இந்த முறையும் அப்படி ஆனால் கூண்டுகளை விற்றுவிட்டுப் பழைய செருப்புக் கம்பெனி வேலைக்கே போய்விடுவேன் என்றிருந்தாள். புளித்த மோர் குட்டிகளின் குடலுக்கு நல்லது என்று எங்கோ படித்துவிட்டு அவளைச் சம்மதிக்க வைத்தவன் நான். பாதிக் குட்டிகளுக்கு மட்டும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதும் என் யோசனைதான். தினமும் வேங்கிக்காலில் ஆபீசுக்குப் போகுமுன் வந்து ஊற்றினேன். அன்று லீவு.

மதியம் கொட்டகைக்குள் போனதும் வலியில் நறநறவென்று பல் கடிக்கும் சத்தம் கேட்டது. இடது வரிசைக் குட்டிகள் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. ஒன்றைத் தூக்கினேன். வயிறு விறைத்திருந்தது, காது சில்லிட்டிருந்தது. அதைத் திரும்பக் கூண்டில் வைத்தேன். வலது வரிசை நிதானமாகப் புல் மென்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. இடதுபக்கம் நடந்தது என்னால்தான் என்று அது காட்டியது.

வேறு வழியில்லாமல் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் கூண்டைப் பார்த்தாள், பிறகு என்னை.

"எந்த மோருடா எடுத்த?"

"தினம் எடுக்குற மோர்ச் சட்டி காலியா இருந்துச்சி. அடுப்பாண்ட தவலைல இருந்து மொண்டேன்."

"அது கிரிவலம் சுத்தறவங்களுக்குக் கலந்ததுடா. பச்ச மொளகா, இஞ்சி, உப்பு எல்லாம் போட்டிருக்கேன். இவ்ளோ புக்கு படிக்கிற, ஒரு வாய் குடிச்சிப் பாக்கத் தெரியலயா?"

ஸ்பூன் கணக்கில் அளந்தவன், ருசி பார்க்கவில்லை.

கால்நடை மருத்துவரைப் போனில் பிடித்தோம். பௌர்ணமிக் கூட்டத்துக்காகப் பாதையை அடைத்துவிட்டார்கள், வண்டி வராது என்றார். மோரை நிறுத்திவிட்டு, காய்ந்த புல்லும் நல்ல தண்ணீரும் வைத்துக் கதகதப்பாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சாக்கு விரித்து, ஒவ்வொன்றாக மடியில் வைத்து வயிற்றைத் தடவினோம். வெளியே கூட்டம் நடந்துகொண்டே இருந்தது. மாலைக்குள் இரண்டு குட்டிகள் என் மடியிலேயே அடங்கின. ஒவ்வொரு முறையும் அடுத்தது எது என்று வரிசையைப் பார்த்தேன். அக்கா கூண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கூண்டுக்கு விலை போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மீதிக் குட்டிகள் புல்லைக் கடித்தன. அப்போதுதான் அக்கா அதைச் சொன்னாள்.

"ஒண்ணு சொல்றேன், திட்டாத. நீ போனப்புறம் வலதுபக்கத்துக்கும் தினம் மோர் ஊத்துனேன். உப்பு போடாத வீட்டு மோரு. அதுங்க மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சிங்க?"

இது இரண்டாவது தவறு. வெறும் தண்ணீர் குடித்த குட்டி ஒன்றுகூட அந்தக் கொட்டகையில் இல்லை.

கூண்டுகளை அவள் விற்கவில்லை. குறிப்பேட்டில் அந்தப் பதிவின் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: "இரண்டு இறப்புக்கும் காரணம் மிளகாயா, பழைய நோயா என்று தெரியாது. வலது வரிசை பிழைத்தது மோரினாலா என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை."