பள்ளிவாசலுக்கு வராத கடன்காரர்

கோவிட் ஓய்ந்து ஹஜ்ஜுப் பயணங்கள் பழையபடி நடக்கத் தொடங்கிய சமயம். பல வருடங்களாகப் பெயர் பதிந்து காத்திருந்த என் அத்தாவுக்கு முறை வந்தது. ஜார்ஜ்டவுனில் சின்னதாக, சோறும் கறியும் விற்கும் ஒரு நாசி கண்டார் கடை நடத்தியவர் அவர். அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் என்று ஆனதும், கடையை மூடிவிட்டு அம்மா கூடவே இருந்தார். அம்மா மௌத்தான பிறகும் கடையைத் திறக்க மனம் வரவில்லை. கெலுகோரில் என் வீட்டோடு வந்துவிட்டார்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் எல்லாரிடமும் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்டு, கடனையும் தீர்த்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அதில் அத்தா என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. பழைய வேலையாட்கள், பக்கத்துக் கடைக்காரர், எப்போதோ முறைத்துக்கொண்ட சொந்தக்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. கடைக்கு வெங்காயம் போட்டவருக்கு ஏதோ பாக்கி என்று திடீரென ஞாபகம் வந்து, ஃபெர்ரி ஏறி அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் வரை என்னை இழுத்துக்கொண்டு போனார். அந்த மனிதருக்கோ அது நினைவிலேயே இல்லை. வேண்டாம் என்றவரின் சட்டைப்பையில் வெள்ளி நோட்டுகளைத் திணித்த பிறகுதான் அவர் கொடுத்த தேநீரை அத்தா குடித்தார்.

எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தோம். பயணத்தடை ஏதும் இருக்கிறதா என்று எதற்கும் பார்த்துவிடச் சொன்னார் என்னோடு வேலை செய்யும் நண்பர். இணையத்தில் தட்டிப் பார்த்தேன். இருந்தது. வருமான வரிப் பாக்கி. கட்டாமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. விமானத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

கடையை மூடி, வருமானமே இல்லாதபோது எதற்குக் கணக்கு அனுப்ப வேண்டும் என்று அத்தா இருந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் கடை நடந்த கடைசி வருடங்களின் கணக்கும் விட்டுப்போயிருந்தது. கணக்கு வராததால் பழைய வியாபாரத்தை வைத்து வரி அலுவலகத்தாரே ஒரு தொகை போட்டிருக்கிறார்கள். அறிவிப்புகள் மூடிக் கிடந்த கடைக்கே போயிருக்கின்றன. வெங்காயப் பாக்கியை மறக்காத மனிதருக்கு இது ஒரு கடனாகவே தோன்றவில்லை.

மறுநாளே வரி அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி ஒரு தமிழ்ப் பெண், என் வயது இருக்கும். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடை மூடிய பிறகான வருடங்களுக்குக் கணக்குக் கொடுத்தால் அந்தத் தொகை நீங்கிவிடும், ஆனால் கடை நடந்த வருடங்களின் வரி கட்டித்தான் ஆக வேண்டும் என்றார். மொத்தமாகக் கட்ட எங்களிடம் இல்லை. ஒரு பகுதியை இப்போது கட்டி, மீதியை மாதத் தவணையாக எழுதிக் கொடுத்தால் தடையை நீக்க ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அத்தா மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. கடன் கொடுத்தவர் மனமொப்பிச் சம்மதிக்காமல், கடனோடு ஹஜ்ஜுக்குப் போகக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

“இந்த வருசம் நான் போகல தம்பி, முறைய விட்டுக் குடுத்துர்றேன்” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்த முறை வரும் வரை உயிரோடு இருப்பீர்களா என்று, வாயில் வரக்கூடாத வார்த்தை வந்துவிட்டது. அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

“அம்மா, இந்தக் கடனுக்கு நான் யாருக்கிட்ட மாப்புக் கேக்கணும்?”

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “எங்க அப்பா ஜெனரல் ஆஸ்பத்திரில டயாலிசிஸ் பண்றாரு ஐயா. அவரு மாதிரி ஆளுங்களுக்குப் போற காசு லா இது. மன்னிக்க எனக்கு உரிமை இல்ல. ஆனா நீங்க போறதுக்கு ஆபீஸ் சம்மதம் குடுக்குது. போயிட்டு வந்து மாசாமாசம் கட்டுங்க.”

அம்மா கிடந்ததும் அதே ஆஸ்பத்திரிதான். அத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். துஆ செய்வதற்காக அந்தப் பெண்ணின் அப்பா பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தவணைக்குக் கையெழுத்துப் போட்டார்.

ஹஜ்ஜை நிறைவேற்றிவிட்டு வந்தார். ஃபோனிலேயே கட்டிவிடலாம் என்று நான் எத்தனை சொல்லியும் கேட்காமல், மாதாமாதம் தபால் நிலையத்துக்கு நடந்து போய்த் தன் கையாலேயே கட்டினார். தவணை முடியும் முன், அடுத்த வருடம், தூக்கத்திலேயே போய்விட்டார்.

ஜனாஸா தொழுகைக்கு முன், மகன் என்ற முறையில் எழுந்து நின்று, அத்தா யாருக்காவது கடன்பட்டிருந்தால் என்னிடம் கேளுங்கள் என்றேன். யாரும் வாய் திறக்கவில்லை. பட்டர்வொர்த்திலிருந்து வந்திருந்த வெங்காயக்காரர் மட்டும், தனக்கு ஒன்றும் இல்லை என்பதுபோலத் தலையாட்டி அழுதார். இங்கே வந்து கேட்க முடியாத ஒருவர் பாக்கி இருக்கிறார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வரி அலுவலகம் திறந்ததும் அதே அதிகாரியிடம் போனேன். அத்தா விட்டுப்போன சொத்து இல்லையென்றால் மீதியைத் தள்ளுபடி செய்ய மனுக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லி மீதியைக் கட்டி முடித்தேன். அவருடைய அப்பாவைப் பற்றி விசாரித்தேன். இன்னும் டயாலிசிஸ் போய்க்கொண்டிருக்கிறது என்றார்.

இன்று வரிக் கணக்கை அனுப்பும்போதெல்லாம் அந்த ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் கட்டில்களில் படுத்திருப்பவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் கடனில்லாமல் என் அத்தா அடங்கியிருக்கிறார் என்ற ஆறுதல் என் காலத்துக்கும் போதும்.