துவக்கில் மிச்சம் பிடிக்கலாம்

போன சனிக்கிழமை என் மகளுக்குத் துவக்கு வாங்கப் போனேன்.

சரியாகத்தான் வாசித்தீர்கள். துவக்கு. துப்பாக்கி! அவளுடைய வயதில் மற்றப் பிள்ளைகளுக்குத் தாய்மார் சங்கிலி வாங்குகிறார்கள், கூறைச்சேலை பார்க்கிறார்கள். நான் இன்டர்லாக்கனில் ஒரு வேட்டைக் கடையின் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றேன்.

மதுரா இந்தச் சுவிஸ் நாட்டில் பிறந்தவள். மிருக வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக வேலை. வாயில்லாச் சீவன்களுக்கு மருந்து கட்டுகிற பிள்ளை என்று நானும் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் காலை, கோப்பியைக் குடித்தபடி சொல்கிறாள் — "அம்மா, வேட்டைச் சோதினை பாஸ்." இரண்டு வருஷமாகப் படித்திருக்கிறாள்! நான் ஏதோ டிப்ளோமா என்றல்லவா நினைத்திருந்தேன்? கடித்த பாணைத் தட்டில் வைத்தேன்.

"என்ரை வீட்டுக்குள்ளை துவக்கு வரக்கூடாது" என்றேன். துவக்குக்குப் பயந்து நாடு விட்டு வந்தவள் வேறு என்ன சொல்வாள்?

"செப்டம்பரிலை சீசன் தொடங்குது அம்மா. கையிலை ரெண்டாயிரம் பிராங்தான் இருக்கு. பேரம் பேச நீங்கள் வாங்கோ. உங்களை விட்டா ஆர்?"

என் பலவீனம் அவளுக்குத் தெரியும். ஆனால் உங்களிடம் மறைப்பானேன்... நான் போனது பேரம் பேச அல்ல. குழப்ப! இரண்டாயிரத்துக்குள் அடங்காது என்று காட்டிவிட்டால் இந்தப் பைத்தியம் தெளியும் என்பது என் கணக்கு.

கடைக்காரர் நரைத்த மீசைக்காரர், நல்ல மனிதர். பழைய துவக்கு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு வயோதிபர் முழங்கால் வலியால் மலை ஏற முடியாமல் விற்றதாம். தொள்ளாயிரம் பிராங். குழலில் கறளோ துருவோ இல்லை, மதுராவின் தோளுக்கும் அளவு. பழக்க தோஷம்... சேலையின் பாரம் பார்ப்பதுபோல நானும் கையை நீட்டினேன்.

அவர் துவக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று மரியாதையாகக் கேட்டார்.

"ஸ்ரீலங்கா" என்றேன்.

மன்னிக்க வேண்டுமாம். ஆயுதம் வைத்திருக்கக் கூடாத நாட்டுக்காரரின் பட்டியல் ஒன்று சட்டத்தில் இருக்கிறதாம். அதில் என் நாடும் இருக்கிறதாம்!

என் வயிற்றில் பிறந்தவள் சுவிஸின் சிவப்புப் பாஸ்போர்ட்டோடு துவக்கைத் தூக்கித் தோளில் வைக்கிறாள். அவளைப் பெற்றவள் தொடக்கூடாது. சுட்டவர்களிடமிருந்து ஓடி வந்தவள் நான். என்னையுமா பட்டியலில் போடுவார்கள்?

"விடுங்கோ அம்மா, சட்டம் அப்பிடி" என்று மதுரா என் கையைப் பிடித்தாள்.

அடுத்த அதிர்ச்சி ஸ்கோப். துவக்கின் மேல் பூட்டுகிற தூரக் கண்ணாடி. நல்லது ஆயிரத்து அறுநூறு, மலிவு இருநூற்றைம்பது. துவக்கை விடக் கண்ணாடிக்கு விலை கூட! மாப்பிள்ளையை விடத் தோழனுக்குச் சீதனம் கூடக் கேட்டதுபோல இருந்தது. ஆனாலும் மனதுக்குள் குளிர்ந்தது.

"பாத்தியே, காசு காணாது. வா, போவம்."

"அப்ப மலிஞ்சதை எடுக்கிறன்" என்றாள் மதுரா. முகம் வாடித்தான் சொன்னாள்.

வெறும் ஸ்கோப் ஆயுதம் இல்லைத்தானே? கடைக்காரர் இரண்டையும் என் கையில் தந்து, வாசலுக்கு வெளியே தேவாலயக் கோபுரத்தைப் பார்க்கச் சொன்னார். வெளியே மழை மூட்டம். எனக்குக் கோபுரத்தில் என்ன வேலை? தெருவின் கோடியிலிருந்த பஸ் தரிப்பிடத்துக்குத் திருப்பினேன்.

மலிவானதில் ஏதோ ஒன்று சாம்பலாக அசைந்தது. மனுசியா, கம்பமா, சொல்ல முடியாது.

நல்லதை எடுத்தேன்.

ஒரு பெண். அப்பிள் தின்றுகொண்டிருக்கிறாள். கன்னத்து மச்சம்கூடத் தெரிகிறது. பிள்ளைத்தாய்ச்சி! ஸ்கோப்பின் சிலுவைக் கோடு நேரே அவள் வயிற்றில் நிற்கிறது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த கடி கடிக்கிறாள்.

சட்டென்று ஸ்கோப்பை இறக்கி மேசையில் வைத்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில், கணவரின் சைக்கிள் பாரில் நான். வயிற்றில் இவள், ஐந்து மாதம். ஆமிக்காரரின் சென்றிக் காவலரணைக் கடந்து போகிறோம். மண்மூட்டைகளுக்கு மேலாக ஒரு குழல், நாங்கள் போகப் போகக் கூடவே திரும்பியது. அந்தத் திருப்பத்தை இத்தனை வருஷம் முதுகில் சுமந்திருக்கிறேன். அந்தப் பக்கம் இருந்தவனுக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மதுரா பயந்துவிட்டாள். "என்னம்மா?"

"இவ்வளவு வடிவா, துல்லியமாத் தெரிஞ்சு என்னத்துக்கு? சுடத்தானே?"

"சுடாமல் விடவும்தான் அம்மா. இஞ்சை மலையாட்டிலை கிடாய்க்கும் மறிக்கும் கொம்பு இருக்கு, தூரத்திலை ஒண்டு மாதிரித்தான் தெரியும். குட்டியோடை நிக்கிற தாயைச் சுடேலாது. விடியப்புறம் வடிவாத் தெரியாட்டில், சுடாமல் வீட்டை வாறதுதான்."

நான் கைப்பையைத் திறந்தேன். அவளுக்குக் குறைந்த ஐந்நூறையும் எண்ணி மேசையில் வைத்தேன்.

"நல்லதைக் குடுங்கோ."

பேரம் பேசவில்லை.

துவக்கு இப்போது வீட்டில், இரும்பு அலுமாரிக்குள். சாவி அவளிடம். நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு அனுபவசாலியின் புத்திமதி: துவக்கில் மிச்சம் பிடியுங்கள், கண்ணாடியில் மட்டும் பிடிக்காதீர்கள்.

அந்தச் சென்றிக்காரனுக்கு அன்றைக்கு என்னை வடிவாகத் தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் மதுரா எங்கே, இதை எழுத நான் எங்கே?